சித்திரகுப்தன் ஏடும் உயிரணுவின் கணக்கும்

“ஆயுள் அவ்வளவுதான்!”

இழவு வீட்டிலே எழும் முதற்சொல் இது. அடுத்து வருவது, “எழுதிய எழுத்தை யாரால் அழிக்க முடியும்!” மூன்றாவதாக ஒரு சொல் எழுவதில்லை, எழத் தேவையுமில்லை. அந்த இரண்டுமே போதும், எண்ணத்துக்குத் தாழிட! மாண்டவர் தொண்ணூறு கண்ட முதியவரா, மூன்று திங்கள் குழவியா, பிள்ளைப்பேற்றிலே குருதி கொட்டிக் கண்மூடிய இளந்தாயா, மலக்குழியிலே மூச்சடைத்து வீழ்ந்த தொழிலாளியா என்ற வேறுபாடே கிடையாது. எல்லாச் சாவுக்கும் ஒரே சான்றிதழ். ஒரே கையொப்பம். விதி!

அந்தச் சான்றிதழைக் கிழித்தெறிய வேண்டும் என்கிறோம். சாவே இல்லை என்று சாதிக்க வரவில்லை நாம். சாவு உண்டு, மூப்பு உண்டு, எவரும் அதற்கு விலக்கல்லர். ஆனால், சாவுக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் உடலுக்குள்ளே இருக்கிறது, நாம் வாழும் ஊருக்குள்ளே இருக்கிறது. வானுலகத்து ஏட்டிலே இல்லை. இதைக் கூறினால் ‘நாத்திகம்’ என்று நாத் துடிக்கிறது சிலருக்கு. துடிக்கட்டும்! நாம் கணக்கைப் பார்ப்போம்.

அவர்களுடைய கணக்கு யாவரும் அறிந்தது. பிறக்கும்போதே பிரமன் தலையிலே எழுதிவிடுகிறான். பாவ புண்ணியப் பற்றுவரவைச் சித்திரகுப்தன் ஏட்டிலே ஏற்றிக்கொள்கிறான்; காஞ்சிபுரத்திலே அந்தக் கணக்கப்பிள்ளைக்குக் கோயிலும் உண்டு. நாள் வந்ததும் எமன் எருமை மீதேறிப் பாசக்கயிற்றோடு புறப்படுகிறான். எழுத ஒருவர், ஏட்டுக்கு ஒருவர், இழுக்க ஒருவர்! இத்தனை கட்டுக்கோப்பான நிர்வாகத்திலும் ஓர் ஓட்டை. மார்க்கண்டனுக்கு எழுதியிருந்தது பதினாறு, அவன் சிவலிங்கத்தைக் கட்டிக்கொண்டான், எமன் உதைபட்டான், எழுத்து பொய்த்தது! அது நடந்த இடம் திருக்கடவூர் என்று கூறி, அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கும் அங்கே சென்று மாலை மாற்றி, ஆயுள் வேண்டி, ஆயிரமாயிரமாகச் செலவிடுகின்றனர் இன்றும். எழுதியதை அழிக்க முடியாது என்பவர்களும் அவர்களே; இதோ, அழித்த ஊர் என்று அழைத்துச் செல்பவர்களும் அவர்களே! இரண்டில் எது மெய் என்று கேட்டால், கேட்பவன்மீது கோபம் பிறக்கிறதே தவிர, விடை பிறப்பதில்லை.

இனி, உயிரணுவின் கணக்கு.

உடல் என்பது கோடானுகோடி உயிரணுக்களின் குடியிருப்பு. அந்தக் குடியிருப்பிலே சாவு நாள்தோறும் நடமாடுகிறது. குருதியிலுள்ள சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். வினாடிதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் அழிகின்றன. ஈடாகப் புதியன பிறக்கின்றன. எல்லா வகை உயிரணுக்களையும் சேர்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி உயிரணுக்கள் மாற்றப்படுகின்றன என்று 2021-இல் வெளிவந்த கணக்கீடு காட்டுகிறது. கருவிலே இருந்தபோது நம் கை துடுப்புப் போலத்தான் இருந்தது. இடையிலிருந்த உயிரணுக்கள் மாண்டன; விரல்கள் பிரிந்தன. ‘ஐயோ, சாவு’ என்று நெஞ்சிலே அறைந்துகொள்கிறோமே, அந்தக் கையைச் செதுக்கித் தந்ததே சாவுதான்!

இந்த ஒழுங்கான சாவுக்கு, 1972-இல் கெர், வைலி, கரி என்னும் மூவர் ‘அபோப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நூற்புழுவிலே இந்தச் சாவை எண்ணியே பார்த்துவிட்டனர் ஆராய்ச்சியாளர். அந்தப் புழு வளர்கையில் 1,090 உடல் உயிரணுக்கள் உருவாகின்றன. அவற்றிலே 131 மாள்கின்றன. எந்த அணு மாளும், வளர்ச்சியின் எந்தக் கட்டத்திலே மாளும் என்பது வரை தெரியும். இந்த ஆய்வுக்காக 2002-இல் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றனர். சித்திரகுப்தனின் ஏட்டைக் கண்டவர் எவருமில்லை. இந்தக் கணக்கையோ, நுண்ணோக்கி வைத்திருப்பவர் எவரும் சரிபார்க்கலாம். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

“விதியை நம்பாதே, விஞ்ஞானி சொன்னால் மட்டும் நம்பு என்கிறீர்களோ?” என்று மடக்குவார்கள். இல்லை, தோழர்களே! விஞ்ஞானி சொன்னார் என்பதற்காகவும் நம்பாதீர்கள் என்கிறோம். மூப்பைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறே அதற்குச் சான்று.

அலெக்சிஸ் கரேல் பெரும்புகழ் பெற்ற அறுவை மருத்துவர். 1912-இல் நோபெல் பரிசு பெற்றவர். அதே ஆண்டிலே நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில், கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த திசுவைக் கண்ணாடிக் கலத்திலே வளர்க்கத் தொடங்கினார். திசு வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. 1944-இல் கரேல் மாண்டார், திசு மாளவில்லை. 1946-இல் வளர்ப்பவர்கள் தாமாக நிறுத்தும்வரை, 34 ஆண்டுகள்! தனித்து வளர்த்தால் உயிரணுவுக்குச் சாவே கிடையாது என்று உலகம் முடிவு கட்டிற்று. மற்ற ஆய்வுக்கூடங்களிலே உயிரணுக்கள் செத்தன. ஆனாலும், ‘நம் கைத்திறமைதான் போதவில்லை’ என்று தம்மையே நொந்துகொண்டார்களே அல்லாமல், நோபெல் பரிசு பெற்றவரை ஐயுறத் துணிந்தவர் அரிது. ஆய்வுக்கூடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது குருபக்தி!

துணிந்தவர் ஒருவர் வந்தார். பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்திலே பணியாற்றிய லெனார்டு ஹேஃபிளிக். மனிதக் கருவின் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்து பெருகியதும் நின்றுவிடுவதை அவர் கண்டார். கலத்திலே கோளாறா, உணவிலே குறையா? பலமுறை பிரிந்து மூத்துவிட்ட ஆண் உயிரணுக்களையும், இன்னும் இளமையோடிருந்த பெண் உயிரணுக்களையும் ஒரே கலத்திலே கலந்து வளர்த்தனர் அவரும், உடனாய்வாளர் பால் மூர்ஹெடும். ஒரே கலம், ஒரே உணவு, ஒரே வெப்பம். சில காலம் கழித்துப் பார்த்தால் பெண் உயிரணுக்களே எஞ்சின; மூத்தவை மறைந்தன. குறை கலத்திலே இல்லை. கணக்கு உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது! முதலில் அனுப்பிய இதழ் இக்கட்டுரையை ஏற்க மறுத்தது. 1961-இல் வேறோர் இதழிலே வெளிவந்தது. கரேலின் கலத்திலே ஊட்டமாக ஊற்றப்பட்ட கோழிக்கருச் சாற்றோடு புதிய உயிரணுக்களும் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது பின்னர்க் கூறப்பட்ட விளக்கம்.

எண்ணிப் பாருங்கள்! அரை நூற்றாண்டு நம்பிக்கை, நோபெல் பரிசின் நிழலிலே நின்ற நம்பிக்கை, ஒரு கலத்திலே கலந்து வைத்த சோதனைக்கு முன் நிற்க முடியாமல் சாய்ந்தது. சாய்த்தவரை எவரும் நரகத்துக்கு அனுப்பவில்லை. அறிவியல் தவறாதது என்பதன்று நம் வாதம். தவறியதைத் தானே தேடிப் பிடித்துத் திருத்திக்கொள்ளும் என்பதே நம் வாதம். பிரமன் எழுத்திலே பிழைதிருத்தம் உண்டா?

உயிரணுவுக்குள்ளே எண்ணுவது எது? தோளிலே கிடக்கும் துண்டின் ஓரத்தைப் பாருங்கள். நூல் பிரிந்து வராதிருக்கக் குஞ்சம் முடிந்திருப்பார்கள். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் முனையிலும் அத்தகைய காப்பு உண்டு. ‘டெலோமியர்’ என்பது அதன் பெயர். உயிரணு பிரியுந்தோறும் அது சிறிது தேய்கிறது. தேய்ந்து தேய்ந்து எல்லைக்கு வந்ததும் உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. தேய்ந்ததை மீண்டும் நெய்யும் நொதியும் உண்டு, அது டெலோமரேஸ். இவற்றைக் கண்டறிந்தமைக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர், ஜேக் ஷோஸ்டாக் ஆகியோர்க்கு 2009-இல் நோபெல் பரிசு.

“ஆகா! அந்த நொதியை ஊட்டிவிட்டால் சாகாவரம்தானே!” என்று துள்ளவேண்டாம். அந்த நொதியைத் தட்டியெழுப்பிக்கொண்டு, எல்லையின்றிப் பெருகும் உயிரணுக்கள் உண்டு. அவற்றின் பெயர் புற்று! மனிதப் புற்றுகளிலே பெரும்பாலானவை அந்த நொதியின் துணையாலேதான் வளர்கின்றன. சாக மறுக்கும் உயிரணு, தான் வாழும் உடலையே சாகடிக்கிறது. தேவரும் அசுரரும் கடலைக் கடைந்து தேடியதாகக் கூறும் அமுதம், உயிரணுவுக்குக் கிடைத்தால் உடலுக்கு நஞ்சு!

அப்படியானால் டெலோமியரே புதிய பிரமனா? அதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியின் டெலோமியர் மனிதனுடையதைவிட நீளம்; ஆனால், அதன் வாழ்நாள் இரண்டு மூன்று ஆண்டுகளே. ஏறத்தாழ ஏழு கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று, சைபீரியாவிலே குறைந்தது 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. இரண்டும் குட்டி போட்டுப் பாலூட்டுபவை. இரண்டும் கையளவே உள்ளவை. சுண்டெலி செய்த பாவம் என்ன? வௌவால் செய்த புண்ணியம் என்ன?

விடையின் வித்தினை 1951-இல் லண்டனில் பீட்டர் மெடவார் ஆற்றிய சொற்பொழிவிலே காணலாம். 1977-இல் டாம் கிர்க்வுட் அதை மேலும் வளர்த்தார். காட்டிலும் வயலிலும் வாழும் எலியை ஆந்தையும் பாம்பும் பூனையும் குளிரும் விரைவிலே முடித்துவிடுகின்றன. மூன்றாம் ஆண்டைக் காணும் எலி அரிது. ஆகவே, மூன்றாம் ஆண்டிலே தலைகாட்டும் கேட்டினைக் களைய இயற்கைத் தேர்வுக்கு வாய்ப்பே இல்லை. உடலைப் பழுது பார்ப்பதற்குச் செலவாகும் ஆற்றலைக் குட்டி ஈனுவதிலே செலவிட்ட எலிக்குத்தான் வழித்தோன்றல் மிகுதி. வௌவாலுக்கோ இறக்கை உண்டு, பகை குறைவு, நாள் மிகுதி, உடலைப் பழுது பார்ப்பது பயன் தருகிறது. நம் கொல்லையிலேயே இருக்கிறது பாடம். குலை தள்ளிய வாழை மாய்கிறது, பக்கக்கன்று நிமிர்கிறது. மூங்கில் பூக்கிறது, விதை உதிர்கிறது, புதர் பட்டுப் போகிறது. வாழைக்கு ஏது முற்பிறப்பு வினை? மூங்கிலுக்கு எங்கே தலை, அதிலே எழுத?

எழுத்தைத் திருத்த முடியாது என்கிறார்களே, திருத்தியும் காட்டிவிட்டனர்! முன்பு கூறிய நூற்புழுவின் வாழ்நாள் மூன்று வாரம் அளவே. 1993-இல், கலிஃபோர்னியாவிலே சிந்தியா கென்யனும் அவர் குழுவினரும், ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் பெற்ற புழு இருமடங்கு வாழ்வதைக் கண்டறிந்தனர். யாகம் இல்லை, பரிகாரம் இல்லை, மரபணுவிலே ஒரு மாற்றம், வாழ்நாள் இரட்டிப்பு!

உடனே கடைவிரிக்கும் கூட்டத்தையும் கண்டிக்க வேண்டியவர்கள் நாம். புழுவிலே கண்டதை மனிதனுக்கு விற்கிறார்கள். ‘இளமை திரும்பும்’ என்று புட்டியிலே அடைத்து விற்கிறார்கள். பழைய காயகற்பக்காரன் காவி கட்டியிருந்தான். இவன் வெள்ளை அங்கி அணிந்திருக்கிறான். மனிதனின் மூப்பை நிறுத்திவிடும் மருந்து இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்யென நிறுவப்பட்ட மிக நீண்ட மனித வாழ்வு, 1997-இல் பிரான்சு நாட்டிலே மறைந்த ழான் கல்மான் அம்மையாருடையது: 122 ஆண்டு, 164 நாள்.

“பார்த்தீர்களா, உங்கள் அறிவியலும் எல்லையிலே வந்து நின்றுவிட்டது! அந்த எல்லைக்குப் பெயர்தான் விதி!” என்று எக்களிப்பார்கள். எல்லை வேறு, விதி வேறு. எல்லை எல்லார்க்கும் பொது. அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒன்றே. அவர்கள் கூறும் விதியோ ஆளுக்கொன்று: ‘இந்தக் குழந்தைக்கு மூன்று மாதம், அந்தத் தொழிலாளிக்கு முப்பது ஆண்டு’ என்று பிரித்து எழுதப்பட்டதாம். மனித உடல் எண்பதும் தொண்ணூறும் தாங்கக்கூடியது என்று உயிரியல் கூறும்போது, முப்பதிலே ஒருவன் சாய்ந்தால், இடையிலே இருந்த ஐம்பது ஆண்டைத் திருடியவர் யார் என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வி எழாமலிருக்கத்தான் ‘ஆயுள் அவ்வளவுதான்’ என்ற சொல் பயன்படுகிறது!

1971-ஐ நினையுங்கள். வங்கதேசப் போரிலே தப்பி ஓடிவந்த அகதிகள், மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமிலே காலராவால் கொத்துக் கொத்தாக மடிந்தனர். நரம்பிலே ஏற்றும் நீர் போதவில்லை. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளவறிந்து நீரிலே கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். குடற்சுவரிலே குளுக்கோஸ் உப்பைத் தன்னோடு அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீர் செல்கிறது. வற்றிய உடல் தளிர்க்கிறது. நூற்றுக்கு முப்பதை நெருங்கிய சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. தோழர்களே, எமன் உதைபட்ட இடம் திருக்கடவூர் அல்ல, பன்காவ்! உதைத்தது உப்பும் சர்க்கரையும் கரைந்த ஒரு குவளை நீர்!

1941 முதல் 1950 வரையிலான காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் 32 ஆண்டு. 2016 முதல் 2020 வரையிலான கணக்கின்படி 70 ஆண்டு. அன்று முப்பத்திரண்டிலே எல்லாரும் கிழடு தட்டிப் போனார்கள் என்பதல்ல பொருள். தொட்டிலிலேயே மடிந்த குழந்தைகள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தன. 1971-இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளிலே 129 ஓராண்டுக்குள் மாண்டன, 2020-இல் அது 28, தமிழ்நாட்டிலே 13. பெரியம்மையை ‘அம்மன் விளையாட்டு’ என்றார்கள். 1975-இல் இந்தியாவிலே அதன் ஆட்டம் முடிந்தது, ஊசிமுனையிலே! பிரமன் இரக்கம் கொண்டு எழுத்தை மாற்றிக்கொண்டானா? குடிநீரும், தடுப்பூசியும், கல்வி பெற்ற தாயும், மருத்துவமனையும் அல்லவா மாற்றின!

எல்லார்க்கும் ஒன்றுபோல மாறிவிட்டதா என்றால், அங்கேதான் நெஞ்சு கொதிக்கிறது. தமிழ்நாடு சேராத ஒன்பது இந்திய மாநிலங்களின் கணக்கைக் கொண்டு 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தாழ்த்தப்பட்டோரின் வாழ்நாள் மூன்று ஆண்டுக்கு மேலும், பழங்குடியினரின் வாழ்நாள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்று காட்டிற்று. பொருளாதார வேறுபாட்டைக் கழித்த பிறகும் இடைவெளி முழுவதும் மறையவில்லை. டெலோமியருக்குச் சாதி தெரியுமா? சிவப்பணுவுக்குச் சேரி எது, அக்கிரகாரம் எது என்று தெரியுமா? தெரியாது! தெரிந்தது நமக்கு. ஆகவே அந்த மூன்றாண்டும் நான்காண்டும் உயிரியலின் கணக்கிலே சேரா; நம் கணக்கிலே சேரும்.

மலக்குழியிலே இறங்கியவன் எப்படி மாள்கிறான்? அங்கே தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு, உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது. சில மூச்சிலே நினைவு போகிறது. காரணம் இவ்வளவு தெளிவு. காப்பின்றி மனிதனை அதற்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி மாண்டவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. சட்டமும் தீர்ப்பும் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. அந்த வீட்டு வாயிலிலே நின்று ‘விதி’ என்று எவன் சொன்னாலும், அவன் ஆறுதல் சொல்லவில்லை. குற்றவாளிக்குச் சாட்சி சொல்கிறான்!

இன்னும் ஒன்று. எமன் ஒரே இழுப்பிலே உயிரைக் கொண்டுபோவதாகக் கதை. உடல் அப்படி மாள்வதில்லை. குருதியோட்டம் நின்றால் மூளையின் உயிரணுக்கள் சில நிமிடங்களிலே கெடத் தொடங்குகின்றன. கருவிழியோ மணிக்கணக்கிலே உயிரோடிருக்கிறது. அதனாலன்றோ, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் மாண்டவரின் கண் இருவருக்கு ஒளி தருகிறது! மூளைச்சாவை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சாவென ஏற்றதாலன்றோ, துடிக்கும் இதயம் இன்னொரு மார்புக்குச் செல்கிறது! உறுப்புக் கொடை தந்து மறைவோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி என்று 2023 செப்டம்பரிலே தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. இருந்தும், ‘கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியிலே குருடு’ என்று அஞ்சி, இருவர் காணவேண்டிய ஒளியை நெருப்புக்குத் தருவோர் இருக்கின்றனர்.

இளைஞர்களே! உங்களுக்கு வேலை இருக்கிறது. கண்ணையும் உறுப்பையும் கொடையாக எழுதி வையுங்கள். வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள், அவர்கள் இசைவின்றி அது நடவாது. உங்கள் தெருவிலே தடுப்பூசி போடாத குழந்தை எது என்று தேடுங்கள். இழவு வீட்டுக்குச் செல்லுங்கள். அழுபவர் கண்ணீரை மதியுங்கள். அங்கே வாதாட வேண்டாம். ஆனால், திரும்பி வந்ததும் ஊரைக் கூட்டிக் கேளுங்கள்: எதனால் மாண்டார்? எந்த மருந்து கிட்டவில்லை? எந்தக் குழாயிலே சாக்கடை கலந்தது? எவர் குழிக்குள் இறக்கினார்? விடை கிடைக்கும்வரை கேளுங்கள். தொண்ணூறிலே உதிரும் இலைக்கு மரியாதை செய்வோம். தளிரைக் கிள்ளியவனை மட்டும் ‘விதி’ என்ற திரைக்குப் பின்னே ஒளிய விடோம்!